சோறா, சாதமா?

சென்ற மாதம் சிதம்பரத்தில் ஒரு சிநேகிதியின் வீட்டில் சாப்பிட்டேன். அவள் மூத்த பிள்ளைக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். மருமகள் கடலூர் முதுநகர்ப் பெண். பரிமாறிக்கொண்டே வந்தவள், "மாமா, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

நாத்தனார் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சாதம்னு சொல்லுங்க அண்ணி, விருந்தாளி வந்திருக்காங்க!" என்றாள் சின்னவள். எல்லோரும் சிரித்தோம். ஆமாம் சகோதரிகளே, நானுந்தான் சிரித்தேன். அதற்குப் பிறகு அந்தப் பெண் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பாத்திரத்தை முன்னால் நீட்டிக் காட்டினாள், அவ்வளவுதான்.

சோற்றில் அப்படி என்ன குற்றம்? சங்க காலத்துச் சேர மன்னன் ஒருவனுக்குப் 'பெருஞ்சோற்று உதியன் சேரலாதன்' என்றே பெயர். பாரதப் போரில் இரண்டு படைகளுக்கும் சோறு போட்டான் என்று புறநானூற்றில் அவனுக்குப் புகழ். 'பெருஞ்சாதத்து உதியன்' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், யாருக்குச் சிரிப்பு வருகிறதென்று!

அவள் பிறந்த ஊரின் கதை இன்னும் வேடிக்கை. பழைய பெயர் கூடலூர். 1690-ல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கிக் குடியேறினார்கள். கூடலூர் அவர்கள் வாயில் நுழையவில்லை, 'கட்டலோர்' ஆயிற்று. பிற்பாடு நாமும் கடலூர் என்று எழுதிக்கொண்டோம். துரைமாரின் நாக்குக் குளறியதற்கு ஓர் ஊரே பெயரை மாற்றிக்கொண்டது. மருமகள் ஒரு பழந்தமிழ்ச் சொல்லைச் சுத்தமாகச் சொன்னால் நமக்குப் பொறுக்கவில்லை!

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் வரும்போது காதைத் திறந்து வைத்திருங்கள். பரங்கிப்பேட்டைக்குப் போகிற குழந்தை வாப்பாவையும் உம்மாவையும் கூப்பிடும். கோயில் வீதிக்காரர் ஆத்துக்குப் போக அவசரப்படுவார். 1929-ல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு வரும் பிள்ளைகளில் ஒருவன் 'ஏலே' என்பான், ஒருத்தி 'ஏனுங்க' என்பாள். நெய்வேலிச் சுரங்கத்துக்காரர் வீட்டில் தெலுங்கோ மலையாளமோ பேசிவிட்டு வந்திருப்பார். டிக்கெட் எல்லோருக்கும் ஒரே விலைதான்.

பேச்சுத் தமிழைக் கதைகளில் கொண்டாடவைத்த இருவர் கடலூரிலேயே பிறந்தவர்கள். திருப்பாதிரிப்புலியூரில் 1906-ல் பிறந்த புதுமைப்பித்தன் நெல்லைப் பேச்சை எழுதினார். மஞ்சக்குப்பத்தில் 1934-ல் பிறந்த ஜெயகாந்தன் சென்னைச் சேரிப் பேச்சை எழுதினார். பிற்பாடு ஞானபீடமும் பெற்றார். அந்தப் பேச்சையெல்லாம் அச்சில் படித்து, 'என்ன உயிர், என்ன உயிர்!' என்று மெச்சியவர்கள் நாம். கூடத்தில் கேட்டால் மட்டும் முகம் சுளிக்கிறோம்.

அன்று நான் கிளம்பும் சமயம் மருமகளுக்கு அவள் அம்மாவிடமிருந்து போன் வந்தது. அம்மாவுக்கு உரத்த குரல். வாசலில் நின்ற எனக்கே கேட்டது.

"சோறு தின்னியா, கண்ணு?"

அந்தப் பெண் சட்டென்று கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். போனைக் கையால் மறைத்துக்கொண்டு, "சாதம்னு சொல்லும்மா, எல்லாரும் இருக்காங்க" என்றாள்.