யாருடைய அறியாமை?

ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி போடவில்லை என்றால் நம் பெரிய மனிதர்களுக்கு உடனே காரணம் கிடைத்துவிடுகிறது: 'தாய்மார்களின் அறியாமை.' மேடைதோறும் இதைக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. இது சோம்பேறிகளின் பேச்சு, உண்மையும் அல்ல.

கணக்கையே பார்ப்போம். தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் தடுப்பூசிகளை முழுமையாகப் பெற்ற குழந்தைகள் 2005-06இல் நூற்றுக்கு ஏறக்குறைய 81, 2015-16இல் 70, 2019-21இல் 89. நம் தாய்மார்கள் பத்து வருஷம் பாடுபட்டு அறியாமையை வளர்த்து, அடுத்த ஐந்தே வருஷத்தில் அதை உதறி எறிந்துவிட்டார்களா?

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டபின் நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின், நர்ஸம்மா ஊருக்கே வந்து ஊசி போட்டது நின்றது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் முன்னிலையில்தான் என்று ஆயிற்று. எச்சரிக்கை நியாயமே. அதற்கு விலை கொடுத்தவள் யார்? ராஜபாளையத்து நூற்பாலையில் ஷிப்டு பார்க்கிறவள். ஊரார் காயத்துக்கெல்லாம் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் ஒருநாள் கூலி போச்சு. இரவு காய்ச்சல் கண்டால் மறுநாள் கூலியும் போச்சு. சரிவுக்கு இது ஒன்றே காரணம் என்று நான் சாதிக்கவில்லை. இதை விட்டுவிட்டு அவளை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள் என்கிறேன்.

"அம்மையை மாரியாத்தாள் என்று கும்பிடுகிறவர்கள் ஊசிக்கு வருவார்களா?" என்று கேட்பவர்களும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய மாரியம்மனுக்குப் பூக்குழி இறங்குகிற ஊர் இது. வாசலில் வேப்பிலை செருகிய ஜனங்கள்தான் கையை நீட்டி அம்மையும் குத்திக்கொண்டார்கள். 1975க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. அதற்காக ஆத்தாள் யாரையும் கோபித்துக்கொள்ளவுமில்லை.

2017இல் தட்டம்மை–ரூபெல்லா ஊசி வந்தபோது பீதியைக் கிளப்பியது எது? வாட்ஸ்அப். கைநாட்டு வைக்கிற கிழவியா அதில் எழுதினாள்? படித்த கைகள் அனுப்பின. படித்த பெற்றோர்களே பள்ளிகளில் மறுத்தார்கள். முகாமின் கெடுவை நீட்டிக்கவேண்டி வந்தது. அவர்களை எந்த மேடையும் அறிவிலிகள் என்று சொல்லவில்லை!

ஒன்றரை மாதக் குழந்தையோடு வருகிறவள், "காய்ச்சல் வருமா?" என்று கேட்கிறாள். அதற்கு, "பேசாமல் காட்டம்மா" என்பது பதிலா? "வரலாம், தாயே, ஓரிரு நாளில் தணிந்துவிடும். ஊசியில்லாமல் கக்குவானோ தொண்டை அடைப்பானோ வந்தால் உயிருக்கே ஆபத்து" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்?

நூற்றில் 89 போக, இன்னும் 11 குழந்தைகள் மிச்சம். தட்டம்மைக்கு அந்தப் பதினோரு பேர் போதும். அவர்களுடைய தாய்மார்களைத் திட்டித் திருத்திவிட முடியாது. ஊசியை அவர்கள் தெருவுக்குக் கொண்டுபோங்கள். அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர்கள் அறியாமையைப் பற்றிப் பேசாமலாவது இருக்கட்டும்.