தொந்தியும் ஊசியும்



சென்ற திங்களில் வந்த மடல்களுள் ஒன்று நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. எழுதியவர் ஓர் இல்லத்தரசி. கணவருக்கு வயது 38. எடை 104 கிலோ. வேலையிலிருந்து திரும்பி நாற்காலியில் சாய்ந்தால் எழுவதில்லை; பேச்சும் இல்லை, இல்லற நாட்டமும் இல்லை. இரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண்மை ஹார்மோன் குறைவு என வந்துள்ளதாம். ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறாராம் நண்பர் ஒருவர். இரண்டாம் குழந்தைக்காக நான்கு ஆண்டுகளாகக் காத்திருப்பதையும், உறவினர் தம்மையே குறை கூறுவதையும் அச்சகோதரி கடைசி வரியில் எழுதியிருக்கிறார். நமக்கு அவ்வரியே முதன்மையாகப் பட்டது.

டெஸ்டோஸ்டிரோன் விரைகளில் சுரப்பது. ஆனால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி ஆணையிட்டாலன்றி அது சுரவாது. வயிற்றைச் சுற்றித் திரளும் கொழுப்போ வெறும் சேமிப்பன்று. அதிலுள்ள அரோமட்டேஸ் என்னும் நொதி, டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதியை எஸ்ட்ரடையால் என்னும் பெண்மை ஹார்மோனாக மாற்றுகிறது. இது மிகும்போது பிட்யூட்டரியின் ஆணை தளர்கிறது. ஹார்மோன் குறையக் குறையத் தசை மெலிந்து கொழுப்பு மேலும் சேர்கிறது. ஒன்றையொன்று வளர்க்கும் சுழற்சி இது.

இச்சுழற்சியைத் திருப்பவும் இயலும். மான்செஸ்டர், ஃபுளோரன்ஸ் உள்ளிட்ட எட்டு ஐரோப்பிய நகரங்களில் 40 முதல் 79 வயது வரையுள்ள ஆடவரை நான்கு ஆண்டுகளுக்கு மேல் கவனித்த ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. எடையில் 15 விழுக்காடோ அதற்கு மேலோ குறைத்தவர்களிடம் டெஸ்டோஸ்டிரோன் நன்கு உயர்ந்தது. பிட்யூட்டரியின் ஆணையும் வலுப்பெற்றது. சிறிதே குறைத்தவர்களுக்குப் பயனும் சிறிதே. நம் சகோதரியின் கணவருக்கு இது ஏறத்தாழ 16 கிலோ. எளிதன்று, பல மாத உழைப்பு. மாலைத் தேநீருடன் பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு எடையைக் குறை என்பதும் பயன் தராது!

ஊசி நஞ்சன்று. ஆஸ்திரேலியாவில் 50 வயதைக் கடந்த, தொந்தியுள்ள 1007 ஆடவரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2021-இல் வெளிவந்தது. அனைவரும் எடைக் குறைப்புத் திட்டத்தில் இருந்தனர். இரண்டாண்டு முடிவில் ஊசி பெற்றவருள் 12 விழுக்காட்டினருக்கும், பெறாதவருள் 21 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு காணப்பட்டது. எனினும், ஊசி பெற்றவருள் ஐவரில் ஒருவருக்கு இரத்தம் அளவு மீறித் தடித்தது.

பிள்ளைப்பேற்றை நாடுவோர்க்கோ ஊசி நேர் எதிரானது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் பிட்யூட்டரி தன் ஆணையை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி குன்றும், சிலருக்கு அறவே நின்றும் போகும். ஊசியை நிறுத்திய பின்னும் அது மீளப் பல மாதங்கள் ஆகும். தசை வளர்க்கவென இவ்வூசியைப் போட்டுக்கொள்ளும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆகவே, சகோதரி, ஊசிக்கு முன் சில பணிகள் உள்ளன. காலையில் வெறும் வயிற்றில், இரு வேறு நாள்களில் பரிசோதனை செய்க. பருமனுள்ளோர்க்கு ஹார்மோனைச் சுமக்கும் புரதம் குறைவதாலும் மொத்த அளவு தாழ்ந்து தோன்றும். கட்டற்ற ஹார்மோனின் அளவையும் மருத்துவரிடம் கேட்டறிக. இரவில் உரத்த குறட்டையும் மூச்சுத் தடையும் உண்டாயின் மறவாது கூறுக. கணவரின் விந்தணுப் பரிசோதனையும் இப்போதே நடைபெறட்டும். உங்களை மட்டும் சோதிப்பது முறையன்று. ஆறு திங்கள் கழித்து அவரது எடையைக் குறித்து நமக்கு மீண்டும் எழுதுங்கள்.