கனஜலமும் கிணற்று ஜலமும்

கிணறு பாய்ந்த பயிர் கருகினால், "தண்ணீர் கனத்துவிட்டது" என்று எழுமலைப் பக்கத்துக் குடியானவர்கள் சிலர் கூறக் கேட்டிருக்கிறேன். ஒருவர், தூத்துக்குடியில் உர ஆலையையொட்டி 1978-ல் துவக்கப்பட்ட கனஜல ஆலையைச் சுட்டி, அந்த ஜலந்தான் தம் கிணற்றிலும் ஊறுகின்றதோவென வினவினார். இம்மயக்கத்தால் வீண் செலவு நேரிடுகின்றது.

கனஜலம் வேறு பொருள். சாதாரண ஹைட்ரஜனைப்போல் இருமடங்கு எடையுள்ள டியூட்டிரியத்தால் ஆனது அது. 1933-ல் அமெரிக்க விஞ்ஞானி லூயிஸ் தூய கனஜலத்தில் புகையிலை விதைகளை இட்டார், அவை முளைக்கவில்லை. உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதை அது தடுக்கின்றது. உடல் நீரில் சுமார் மூன்றிலொரு பங்குக்கு மேல் கனஜலமானால் எலிகள் மடிகின்றன. ஆயினும் குளோரெல்லா என்னும் பாசியைப் படிப்படியாகப் பழக்கினால் ஏறக்குறைய முழுக் கனஜலத்திலேயே வளர்கின்றது. விந்தைதான்!

மழையிலும் கண்மாயிலும் கிணற்றிலும் டியூட்டிரியம் உண்டு. ஆனால் சுமார் 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்றேயாம். அதனால் பயிருக்குத் தீங்கில்லை. ஜலத்தினால் பயிர் கருகுமாயின் காரணம் பெரும்பாலும் உப்பே. துண்டுப் பிரசுரம் எழுதுவோரும் உப்பு ஜலத்தை உப்பு ஜலமென்றே எழுதுவார்களாக.

கண்ட மருந்தை வாங்குமுன், பம்பைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதே ஜலத்தில் அலம்பிய புட்டியில் பிடித்து, மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பவும். சோடியம் மிகுந்திருப்பின் ஜிப்சம் இட வேண்டிய அளவை அங்கேயே கேட்டறியலாம்.