கணக்கு நமது, கிடங்கின் திறவுகோலும் நமதாக வேண்டும்

நூற்பாலை எவ்வூரில் இருப்பினும், 40-ஆம் நம்பர் நூல் என்றால் அதற்குப் பொருள் ஒன்றே. 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் நாற்பது சேர்ந்து ஒரு ராத்தல் நிறுக்கும் என்பது ஆலைகளுக்கும் தறிகளுக்கும் பொதுவான அளவு. ஆகவே ஓர் ஆலை கைவிட்டால் நெசவாளர் மற்றோர் ஆலையை நாடலாம். ஊருக்கொரு மரக்கால் வழங்கிய நாளில் விவசாயிகள் அடைந்த நஷ்டமும், 1956-ஆம் ஆண்டு எடை அளவுச் சட்டத்தின் வழியே மெட்ரிக் முறை வந்தபின் விளைந்த நன்மையும் அங்கத்தினர்கள் அறிந்தவையே. பொது அளவு எளியோருக்குப் பாதுகாப்பு.

இவ்வுண்மை இன்று கணினிக்கும் பொருந்தும். பங்குத் தொகை, கடன் பாக்கி, நூல் இருப்பு ஆகிய கணக்குகள் பேரேட்டை விட்டுக் கணினியின் தகவற் கிடங்குகளுக்குச் சென்றுகொண்டிருக்கின்றன. அக்கிடங்குகளில் இடம் ஒதுக்குவதையும், நகல் எடுப்பதையும், பழுது அறிவதையும் ஒவ்வொரு கம்பெனியும் தன் தனிமுறையில் அமைத்தால், கருவியை வாங்கிய சங்கம் அக்கம்பெனிக்கே கட்டுண்டு கிடக்க நேரிடும்.

இதை உணர்ந்தே, 1997-இல் அமெரிக்காவில் தோன்றிய எஸ்.என்.ஐ.ஏ. என்னும் தொழிற்சங்கத்தில், சந்தையில் போட்டியிடும் கம்பெனிகளே ஒன்றுகூடி எஸ்.எம்.ஐ.-எஸ். என்னும் பொது நிர்வாக முறையை வகுத்தன. 2007-இல் அது சர்வதேசத் தரமாக ஏற்கப்பெற்றது. பின்னர், 2016-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் ஆதரவில் ஓப்பன் எஸ்.டி.எஸ். என்னும் கூட்டு முயற்சி தொடங்கிற்று. ஹுவாவே, ஃபுஜிட்சு, ஹிட்டாச்சி போன்ற பெருங் கம்பெனிகளின் பங்களிப்போடு, மூல நிரலை யாவரும் படிக்கவும் திருத்தவும் உரிமையளிக்கும் முறையில் அது வளர்ந்தது. 2020 முதல் அதற்கு சோடா ஃபவுண்டேஷன் என்று பெயர்.

கம்பெனிகள் இதைத் தருமமாகச் செய்யவில்லை. செலவைப் பகிர்ந்துகொள்ளும் ஆதாயம் கருதியே செய்கின்றன. அது குற்றமன்று. கூட்டுறவும் ஆதாயத்தில் பிறந்ததே. ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். காகிதத்தில் எழுதிய தரத்தை ஒவ்வொரு கம்பெனியும் தனக்கேற்பப் பொருள் கொள்ளக்கூடும். நிரலே வெளிப்படையாக இருந்தால், சொல்லும் செயலும் ஒத்திருப்பதைத் தேர்ந்தவர் எவரும் சோதிக்கலாம். அங்கும் ஊதியம் பெறும் கம்பெனி ஊழியரின் குரலே ஓங்கிவிடாதிருக்க, கருவியை உபயோகிப்போரும் அவையில் இடம்பெற வேண்டும்.

நம் நாட்டிலும் வழி பிறந்துள்ளது. மத்திய அரசு 2010-இல் வெளியிட்ட திறந்த தரக் கொள்கை, மின்னாளுகைக்குரிய தரங்களில் அடங்கும் காப்புரிமைகளுக்குக் கட்டணம் கூடாது என்கிறது. 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைப் பொதுவான மென்பொருளால் இணைக்கும் திட்டத்திற்கு 2022-இல் ஒப்புதல் கிடைத்தது. ஆயினும் தனியே கணினி வாங்கும் நெசவாளர் சங்கங்களுக்கு நிர்வாகக் குழுவின் விழிப்பே காவல்.

ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் மூன்று கேள்விகள் கேட்கப்படல் வேண்டும். கிடங்குக் கருவி பொதுத் தரத்திற்கு இணங்குமா? கணக்கு முழுவதையும் வேறு மென்பொருள் படிக்கும் வடிவில், தனிக் கட்டணமின்றித் திருப்பித் தருவார்களா? கம்பெனி மூடப்பட்டால் சங்கத்தின் நிலை என்ன? விடைகள் எழுத்தில் பெறப்பட்டு, பொதுக்குழுவில் படிக்கப்படல் வேண்டும்.

பத்தாண்டு கடன் கணக்கை மீட்க வழியின்றி நிற்கும் சங்கத்தில் நஷ்டப்படுவது கம்பெனியன்று. நேர்மையாகத் தவணை செலுத்தி, அதற்குச் சான்று காட்ட இயலாத அங்கத்தினரே.