இறந்தோர் வேடிக்கைப் பொருளா?

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பது பழமொழி. இக்காலத்திலோ, அரள்வதற்கென்றே காசு கொடுத்து இருட்டைத் தேடிப் போகிறவர்கள் பெருகிவிட்டனர். அக்டோபர் 31ஆம் நாள் வந்தால் சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களின் விடுதிகளில் ஹாலோவீன் விருந்து நடக்கிறது. எலும்புக்கூடு வேடமும் பூசணிக்காய் விளக்கும் கண்ணைப் பறிக்கின்றன. மேல்நாடுகளில் பழைய ஊர்களை இரவில் சுற்றிக் காட்டிப் பேய்க்கதை சொல்வது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. அந்தக் காற்று எங்கள் மலைப்பக்கமும் வீசுகிறது.

பள்ளி விழாவில் எங்கள் வகுப்பின் சார்பில் என்ன வைக்கலாம் என்று ஒரு நாள் கூடிப் பேசினோம். "பேய் வீடு வைப்போம், நுழைவுச் சீட்டு பத்து ரூபாய்" என்றாள் ஒருத்தி. உடனே கைதட்டல் எழுந்தது. கறுப்புத் துணியை யார் கொண்டுவருவது, வெள்ளைப் புடவையை யார் கட்டுவது என்று வேலைகளையும் பிரித்துக்கொண்டோம். பள்ளங்கியிலிருந்து வரும் தோழி மட்டும் வாய் திறக்கவில்லை. வற்புறுத்திக் கேட்ட பிறகு அவள் சொன்னாள்.

சில ஆண்டுகளுக்கு முன் பூண்டு மூட்டை ஏற்றிச் சென்ற வண்டி மலைப்பாதை வளைவொன்றில் கவிழ்ந்து அவளுடைய சித்தப்பா இறந்துபோனார். இப்போது அந்த வளைவு வந்தால், "இங்கே இரவில் ஓர் உருவம் நின்று கை காட்டும்" என்று வெளியூர்ப் பயணிகளுக்குச் சிலர் கதை சொல்கிறார்கள். சந்தைக்குப் போய்விட்டு வாடகை ஜீப்பில் திரும்பிய அவளுடைய சித்தியின் காதிலும் ஒரு நாள் அந்தக் கதை விழுந்தது. உடன் வந்தவர்கள் கூச்சலிட்டுச் சிரித்தார்களாம். "எங்கள் சித்தப்பா உயிரோடு இருந்தபோது யாரையும் பயமுறுத்தியதே இல்லை" என்று மட்டும் சொல்லி எங்கள் தோழி தலை குனிந்துகொண்டாள்.

அன்று எங்களுக்குள் எழுந்த கேள்வியைத்தான் இக்கட்டுரையில் உங்கள்முன் வைக்கிறோம். இறந்தவர்களை வேடிக்கைப் பொருளாக்க நமக்கு உரிமை உண்டா?

ஹாலோவீன் என்ற சொல்லின் பொருளே 'புனிதர்களின் திருநாளுக்கு முந்தைய மாலை' என்பதுதான். நவம்பர் 1 புனிதர் அனைவரின் பெருவிழா. நவம்பர் 2 இறந்தோர் அனைவரின் நினைவு நாள். அயர்லாந்து மக்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தனர். அமெரிக்காவில் குடியேறியபோது அங்கு எளிதாகக் கிடைத்த பூசணிக்காயை எடுத்துக்கொண்டனர். காலப்போக்கில் விளக்கு நிலைத்தது. அது யாருக்காக ஏற்றப்பட்டது என்பது மறந்துபோயிற்று.

நம் ஊர்க் கல்லறைத் திருநாளை எண்ணிப் பாருங்கள். முதல் நாளே புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மறுநாள் பூமாலையும் மெழுகுவர்த்தியும் கொண்டு குடும்பத்தோடு போகிறோம். இருட்டிய பிறகும் அங்கே நிற்கிறோம். குழந்தைகள் கல்லறைகளுக்கு நடுவே ஓடி விளையாடுகின்றன. யாருக்கும் அச்சமில்லை. ஏனெனில் அங்கே இருப்பவர்கள் நம் பாட்டியும் தாத்தாவும்.

கொடைக்கானலில் வெள்ளையர் 'டெவில்ஸ் கிச்சன்' என்று, அதாவது பிசாசின் சமையலறை என்று பெயரிட்ட குகைகள் இருக்கின்றன. 1991இல் வெளிவந்த 'குணா' திரைப்படத்துக்குப் பின் அவை குணா குகை ஆயின. அந்தப் பாறை இடுக்குகளில் விழுந்து உயிரிழந்தவர் பலர். 2006இல் கேரளத்தின் மஞ்ஞும்மல் ஊரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் உள்ளே விழுந்தபோது, நண்பரே கயிற்றில் இறங்கி அவரை மீட்டார். அந்நிகழ்ச்சி 2024இல் திரைப்படமான பின் அங்கே கூட்டம் பெருகியது. அந்த இடத்துக்குப் பிசாசின் கதை தேவையில்லை. அங்கே நடந்த உண்மையே போதும்: பாறை வழுக்கும், ஆழம் கொல்லும், நட்பு காப்பாற்றும். பிசாசின் மீது பழியைப் போட்டால் கம்பி வேலியின் அருமை யாருக்குத் தெரியும்?

பேத்துப்பாறை, தாண்டிக்குடி பகுதிகளில் உள்ள கல்திட்டைகளையும் பாருங்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னே, பெருங்கற்கால மக்கள் தம் இறந்தோர் நினைவாகப் பெரும் பலகைக் கற்களை நிறுத்தி எழுப்பியவை அவை. இவை போன்றவற்றைத் தமிழகத்தின் பல ஊர்களில் பாண்டவர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் சொல்வார்கள். இயேசு சபைக் குருக்களான அங்கிளாட், நியூட்டன் இருவரும் பழனி மலைக் கல்திட்டைகளை ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. அவர்கள் பேயைத் தேடிப் போகவில்லை. அளவு நாடாவும் குறிப்பேடும் கொண்டு, இங்கே வாழ்ந்தவர்கள் யார் என்று தேடிப் போனார்கள். இருட்டில் ஏறி மிதித்துக் கூச்சலிடுவதைவிட அந்தத் தேடலில்தான் சுவை அதிகம் என்பது எங்கள் கருத்து.

பெண் பிள்ளைகளாகிய நாங்கள் இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. பேய்க்கதை என்றாலே ஏன் வெள்ளைப் புடவையும் விரித்த கூந்தலும் மல்லிகை வாசமும்? பெரும்பாலான கதைகளில் அவள் யாரோ ஒருவனால் வஞ்சிக்கப்பட்டு இறந்த பெண். அவளுக்கு அநீதி செய்தவனைப் பற்றிக் கதையில் அச்சமில்லை. அவளைப் பற்றித்தான் அச்சம்!

அமெரிக்காவில் சேலம் என்றொரு பழைய சிறுநகரம் உண்டு. நம் மாம்பழச் சேலம் அன்று. 1692இல் சூனியக்காரர் என்று பழி சுமத்தி அங்கே 19 பேரைத் தூக்கிலிட்டனர். அவர்களில் 14 பேர் பெண்கள். இன்று ஒவ்வோர் அக்டோபரிலும் லட்சக்கணக்கானோர் சூனியக்காரித் தொப்பி அணிந்து அந்நகரில் உலாவுகின்றனர். ஆனால் அதே மாநிலத்தில் நார்த் ஆண்டோவர் என்ற ஊரின் எட்டாம் வகுப்பு மாணவர்கள் வேறொரு செயல் செய்தனர். அந்த வழக்குகளில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, தூக்கிலிருந்து தப்பிய எலிசபெத் ஜான்சன் என்னும் பெண்ணின் பெயர் மட்டும் குற்றமற்றோர் பட்டியலில் விடுபட்டிருப்பதை அறிந்து, தம் ஆசிரியையுடன் சேர்ந்து சட்டமன்றத்துக்கு எழுதினர். 2022இல் அவள் குற்றமற்றவள் என்று சட்டமே இயற்றப்பட்டது. முந்நூறு ஆண்டுகளாகச் சுமந்த பழியை எங்கள் வயதுப் பிள்ளைகள் இறக்கி வைத்தனர்! இறந்தோருக்கு உயிருள்ளோர் செய்யத்தக்க தொண்டு இதுவன்றோ?

"சிரித்து மகிழ்வதும் குற்றமா? வழிகாட்டிகளும் பிழைக்க வேண்டாமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. குளிர் காலத்தில் அடுப்பைச் சுற்றி அமர்ந்து பாட்டியிடம் முனிக்கதை கேட்டு வளர்ந்தவர்கள்தாம் நாங்களும். அக்கதை, இருட்டில் ஓடைப்பக்கம் போகாதே என்று எங்களைக் காத்தது. எந்த வீட்டின் கண்ணீரையும் அது விலை பேசவில்லை. வழிகாட்டிகள் கதை சொல்லட்டும். ஆனால் உண்மையைச் சொல்லட்டும். அந்த வளைவில் வண்டியை மெதுவாக்கி, "பிள்ளைகளுக்காக உழைத்த ஒருவர் இங்கே விபத்தில் இறந்தார், பார்த்துப் போகவேண்டிய இடம்" என்று சொன்னால் பயணிகள் கேட்க மாட்டார்களா?

பேய் வீட்டை நாங்கள் கைவிட்டோம். அட்டையில் கல்திட்டை செய்து வைத்து, அதன் வரலாற்றைச் சொன்னோம். உண்மையைச் சொல்வதானால், வசூல் குறைவுதான்; பக்கத்து வகுப்பின் வளையெறி விளையாட்டுக்கே கூட்டம் போயிற்று. ஆயினும் பள்ளங்கித் தோழி அன்று மாலை வரை நின்று, வந்தவர்களுக்கெல்லாம் தெளிவான குரலில் விளக்கம் சொன்னாள்.

தோழியரே! அடுத்த முறை யாரேனும் உங்களுக்குப் பேய்க்கதை சொன்னால் அஞ்சவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். "அவர் பெயர் என்ன?" என்று கேளுங்கள். பெயர் தெரிந்துவிட்டால் அவர் பேயல்லர். நம்மைப் போல் வாழ்ந்த ஒரு மனிதர்.