கோடாலியும் ஊதுகுழலும்

விறகு பிளப்பது உடல் வலிமையின் வேலை என்று எண்ணுவோர் பலர். அது பாதி உண்மை. மற்றப் பாதி மரத்தின் குணத்தை அறிவதில் இருக்கின்றது. அந்த மற்றப் பாதியை மறந்த வீட்டிலே இருவர் துன்புறுகின்றனர். முற்றத்திலே கோடாலி பிடித்தவர் ஒருவர். அடுப்படியிலே ஊதுகுழல் பிடித்தவர் மற்றவர். முன்னவரின் துன்பம் பொழுது சாயுமுன் தீர்ந்துவிடும். பின்னவரின் துன்பமோ அவ்விறகு எரிந்து முடியும் நாள்வரை தொடரும்.

இக்காலத்தில் விறகைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்டல் கூடும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது, இலங்கையின் குடும்பங்களில் நான்கில் மூன்று பங்கிற்கு மேற்பட்டவை விறகு கொண்டே சமைத்தன. 1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இன்றி, மண்ணெண்ணெயும் அரும்பொருளாகி இருந்த காலத்தில், வீடுகளைக் காத்தவை வேலிக் கதியாலும் பனம் மட்டையுமே. பின்னர் 2022இல், எரிவாயு உருளைக்காக மக்கள் வீதியோரங்களில் நாட்கணக்கில் காத்து நின்றபோது, கொழும்பு நகரத்து வீடுகளிலுங்கூட விறகு மீண்டும் இடம் பிடித்தது. அந்தத் தட்டுப்பாடு நீங்கிற்று. எனினும் அது நமக்கு ஒன்றைக் காட்டிச் சென்றது: கோடாலியைக் கடையில் வாங்கலாம், மரத்தை அறியும் அறிவைக் கடையில் வாங்குதல் இயலாது.

மரம் எவ்வாறு பிளக்கின்றது என்பதை முதலில் நோக்குவோம். மரத்தின் நார்கள் அடியிலிருந்து நுனி நோக்கி நெடுக்காக ஓடுகின்றன. அவற்றைக் குறுக்கே வெட்டுதல் கடினம். ஒன்றிலிருந்து ஒன்றை விலக்குதல் எளிது. பிளப்பவருடைய தொழில் விலக்குவதேயன்றி வெட்டுவதன்று. ஆகவே குற்றியை நிமிர்த்தி வைத்து, அதன் தலையை நன்றாகப் பார்த்தல் வேண்டும். காய்ந்த குற்றியிலே நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மெல்லிய வெடிப்புகள் ஓடியிருக்கும். அது மரம் தானே காட்டும் வழி. அவ்வழியே கோடாலி இறங்கினால் பாதி வேலை முடிந்தது. பருத்த குற்றியாயின் நடுவைத் தாக்கி மல்லுக்கட்டாது, விளிம்பிலிருந்து பலகை பலகையாகச் சுற்றி வரப் பிளத்தல் நன்று. கணு இருக்கும் பக்கத்தை முதலடிக்குத் தேர்ந்தெடுத்தலாகாது.

இனி மரங்களின் குணத்தைக் காண்போம். தென்மேற்கு ஈரவலயத்தில் பெருவழக்கான றப்பர் விறகு, நார் நேராக ஓடுவதால் ஓரடியிலேயே இரண்டாகிவிடும். தேயிலைத் தொழிற்சாலைகள் கொழுந்தை உலர்த்த அதனை எரிப்பதும் யாவரும் அறிந்ததே. மாமரம், கணுவற்ற துண்டாயின், நடுத்தரமான உழைப்பிற்கு இணங்கும். ஆனால் மழையிலே கிடந்தால் விரைவில் உளுத்துப்போகும். வேலியிலே நிற்கும் சீமைக்கிளுவையின் தடிகளுள் மணிக்கட்டளவு பருத்தவற்றை மட்டும் இரண்டாகப் பிளந்தாற் போதும். நன்றாகக் காய்ந்த கிளுவை அதிகம் புகையாது நின்றெரியும். அதன் தழை தோட்டத்திற்குப் பசளை. தடி அடுப்பிற்கு விறகு.

சவுக்கின் குணம் வேறு. அதன் நெருப்பின் வெம்மைக்கு ஈடாகும் விறகுகள் சிலவே. ஆயினும் காயக் காய அது இறுகிக்கொள்ளும். ஆகையால் வெட்டிய ஈரத்தோடு பிளந்துவிடுதல் அறிவுடைமை.

புளியும் வேம்பும் பிளப்பவரின் பொறுமையைச் சோதிப்பவை. அவற்றின் நார்கள் ஒரு படையில் ஒரு புறமாகவும் அடுத்த படையில் மறுபுறமாகவும் சாய்ந்து, விரல்களைக் கோத்தாற்போலப் பிணைந்து கிடக்கும். ஆதலால் கோடாலி உள்ளே புகுந்தும் மரம் விலகாது. இழுத்தாலும் கோடாலி வராது. இங்கே வேகம் பயன்படாது, ஆப்பே பயன்படும். வெடிப்பிலே ஓர் ஆப்பை இறுக்கி, சம்மட்டியால் அறைந்து, வெடிப்பு நீண்டவிடத்து இரண்டாவது ஆப்பை வைத்தல் வேண்டும். இவற்றின் கவைத் துண்டுகளோடு போராடுவதைவிட, நெல் அவிக்கும் பெரிய அடுப்பிற்கென முழுதாகவே ஒதுக்கிவிடுதல் நலம்.

வன்னிக் காட்டின் பாலையும் முதிரையும் இவற்றினும் வன்மையானவை. ஆனால் அவை அடுப்பிற்கென வெட்டத்தக்க மரங்கள் அல்ல. தச்சுப் பட்டறையிலே கழிந்த துண்டுகளாகக் கிடைத்தால், ஒரு துண்டே நீண்ட நேரம் தணலாக நிற்கும். பனையோ மற்றெல்லாவற்றிற்கும் மாறானது. அதன் வெளிப்புறம் கறுத்து வைரமாய் இருக்கும். உட்புறம் சோறாய் மெலிந்திருக்கும். நேராகப் பிளக்குமாயினும், கையில் ஏறும் பனஞ்சிராம்பின் வேதனையை அனுபவித்தவரே அறிவர். துணியைச் சுற்றிக்கொண்டு தொடுதல் நன்று.

மாணவர்கள் இங்கே ஒரு கணக்கையும் பார்க்கலாம். புதிதாக வெட்டிய மரத்தின் நிறையிலே அரைவாசிக்கு அண்மையான பங்கு நீராக இருத்தல் உண்டு. 30 பாகை வெப்பமுள்ள ஒரு லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி போதும். அதே நீர் முழுவதையும் ஆவியாக்குவதற்கோ மேலும் ஏறத்தாழ 540 கிலோ கலோரி வேண்டும். ஆகவே ஈர விறகை அடுப்பில் வைப்பவர், உலையை மட்டுமன்றி, விறகிற்குள் இருக்கும் நீரையும் கொதிக்க வைத்து ஆவியாக்குகின்றார். உலை கொதிக்காமல் இருப்பதன் காரணம் இதுவே. பட்டை நீரை உள்ளே பூட்டி வைத்திருக்கின்றது. பிளத்தல் அந்தப் பூட்டைத் திறக்கின்றது. பிளக்காத குற்றி பல மாதம் கிடந்தும் நடுவிலே ஈரமாக இருப்பதைக் காணலாம்.

ஆதலின் பிளப்பதற்குக் காலமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஆனி பிறக்குமுன் பிளந்து அடுக்கிவிட்டால், ஆடிச் சோளகம் கூலியின்றி அதனை உலர்த்தித் தரும். ஐப்பசி மழை தொடங்கும்போது விறகு அடுப்பிற்கு ஆயத்தமாயிருக்கும். கல்லின் மேல் உயர்த்தி அடுக்குக; பக்கங்களைத் திறந்து விட்டு மேலே மட்டும் கிடுகோ தகரமோ போடுக. சமையல் விறகு மணிக்கட்டிற்கு மேற் பருமனாக இருத்தல் வேண்டா. காய்ந்த துண்டுகள் இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென ஒலிக்கும்; ஈரமானவை மந்தமாகவே ஒலிக்கும்.

கோடாலியின் தலை பிடியிலே இறுக்கமாக உள்ளதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தல் வேண்டும். கீழே பருத்த அடிக்குற்றி ஒன்றை இட்டு, கால்களை அகற்றி நின்று, குழந்தைகளை எட்ட நிறுத்திய பின்னரே கோடாலியை ஓங்குக.

இத்தனை கவனமும் ஓர் அடுப்பிற்காகவோ என்று கேட்பாருக்கு நாம் கூறக்கூடிய மறுமொழி ஒன்றுண்டு. வீட்டிற்குள் எழும் அடுப்புப் புகை முதலிய மாசினால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அவர்களுள் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகள் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர். அப்புகையை நாள்தோறும் மிகுதியாக உட்கொள்பவர்கள் சமைக்கும் பெண்களும் அவர்தம் மடியிலிருக்கும் குழந்தைகளுமே. உலர்ந்த விறகும் புகையற்றதன்று. ஆனால் ஈர விறகின் புகை அதனினும் பன்மடங்கு கொடிது. புகைபோக்கி வைத்த அடுப்பும் திறந்த சாளரமும் வேண்டுவனவே. அவற்றோடு, நன்கு பிளந்து நன்கு உலர்த்திய விறகும் வேண்டும்.

நம் வீடுகளில் பிளப்பவர் ஒருவராகவும் எரிப்பவர் வேறொருவராகவும் இருப்பதே வழக்கம். பிளந்தவர் குவியலின் உயரத்தைப் பார்த்துத் தம் வேலையை அளக்கின்றார். எரிப்பவரோ தம் கண்ணீரைக் கொண்டு அளக்கின்றார். இரண்டாவது அளவே சரியானது. கோடாலி பிடிக்கும் இளைஞர்கள், தாம் பிளந்த விறகைக் கொண்டு ஒரு நாளேனும் தாமே சோறாக்கிப் பார்ப்பார்களாக. அடுத்த முறை மரத்தின் தலையைப் பார்த்த பின்னரே கோடாலியை ஓங்குவார்கள்.