வீட்டுப் பட்டறைக்குள் வந்த வட்ட ரம்பம்

திண்டுக்கல்லில் வீடும் பட்டறையும் ஒரே கூரையின் கீழ் இருப்பது நேற்று வந்த பழக்கமன்று. நாகல் நகரிலும் நல்லாம்பட்டியிலும் பூட்டுச் செய்தவர்கள், அடுப்பு ஒரு பக்கம் எரிய, குழந்தை ஒரு பக்கம் உறங்க, குறடும் அரமும் சுத்தியலுமாகத் திண்ணையிலேயே அமர்ந்து ஒவ்வொரு பூட்டையும் கையாலேயே இழைத்து முடித்து, 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைக்கும் அளவுக்கு இவ்வூரின் பெயரை நிலைநாட்டினார்கள். அந்த வித்தையின் மூலதனம் முழுவதும் விரல் நுனியில் இருந்தது. அரம் கை தவறினால் ஒரு கீறல். சுத்தியல் தவறினால் நகம் கறுக்கும். அதற்கு மேல் அந்தப் பட்டறையில் பெரிய அபாயம் இருந்ததில்லை. அதே வகையான வீடுகளின் கொட்டகைகளுக்குள், தச்சுத் தொழிலால் ஜீவனம் நடத்துவோரிடத்திலும், ஓய்வு நேரத்தில் அலமாரியும் கட்டிலும் தாமே செய்து பார்க்கும் ஆர்வமுள்ளவர்களிடத்திலும், இப்போது மின்சாரத்தால் சுழலும் வட்ட ரம்பம் குடியேறியிருக்கிறது. அரத்தோடு பழகிய சகஜ பாவத்தோடு இந்த யந்திரத்தோடும் பழகுகிறார்கள் என்பதே என் கவலை.

முறையாகச் செய்யப்பட்ட ரம்ப மேஜையை இங்கே பலரும் வாங்குவதில்லை. அதன் விலை தாங்காது. தரைக்கல்லும் மார்பிளும் அறுப்பதற்கென்று விற்கும் கையடக்கக் கட்டரை வாங்கி, அதன் காப்பு மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, மரம் அறுக்கும் பல் தகட்டை மாட்டி, ஒரு பிளைவுட் பலகையின் அடியில் தலைகீழாகத் திருகி, விரலால் அழுத்திக்கொண்டே இருந்தால்தான் ஓட வேண்டும் என்று தயாரிப்பாளர் யோசித்து வைத்த சுவிட்சைக் கம்பியால் இறுகக் கட்டி, பலகையின் நடுவே அறுத்த பிளவின் வழியாகத் தகட்டின் பாதியை மேலே நிற்கவிட்டு, இதையே ரம்ப மேஜை என்கிறார்கள். செல்பேசியில் ஓடும் காணொளிகள் இதைப் பெரிய சாமர்த்தியமாகக் காட்டுகின்றன. வறுமையிலிருந்து பிறந்த சாமர்த்தியம்தான் அது. அதை நான் இகழவில்லை. ஆனால் அந்த நான்கு அங்குலத் தகடு நிமிஷத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் சுழலும்போது அதன் பல் செல்லும் வேகம் மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர் என்பதையும், மரம் அறுக்கும் தகடுகளில் பலவும் அவ்வளவு வேகத்துக்காகச் செய்யப்பட்டவையல்ல என்பதையும், தகட்டின் முகத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகத்தை வாசிக்காமலே அதை மாட்டுகிறோம் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

விரல் தகட்டின்மேல் பட்டால் அறுபடும் என்பது குழந்தைக்கும் தெரியும். தெரியாத விஷயம், விரல் தகட்டுக்கு எப்படிப் போகிறது என்பது. நமக்கு எதிரே இருக்கும் பற்கள் மேலிருந்து கீழாக இறங்கி மரத்தை மேஜையோடு அழுத்துகின்றன. அங்கே மரம் அடங்கியே இருக்கும். தகட்டின் பின்பாதியிலோ பற்கள் கீழிருந்து மேலே ஏறி வருகின்றன. அறுபட்ட பலகையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று நெருங்கித் தகட்டைக் கவ்வினாலும், பலகை சற்றே கோணித் தகட்டின் பின்புறத்தில் உராய்ந்தாலும், ஏறி வரும் அந்தப் பற்கள் பலகையைத் தூக்கி, அறுப்பவரை நோக்கி அதே வேகத்தில் வீசிவிடும். பலகை மார்பிலோ அடிவயிற்றிலோ அடிப்பது ஒரு தீங்கு. அதைவிடக் கொடியது, பலகையை அழுத்திக்கொண்டிருந்த கை, பலகை திடீரென மறைந்துவிட்ட அந்த க்ஷணத்தில், தன் பாரத்தாலேயே தகட்டின்மேல் சென்று விழுவது. மனிதன் கண்டு, உணர்ந்து, கையை இழுப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். கீழ்ப்பழனி மலையின் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்த்து வெட்டிய சில்வர் ஓக் போன்ற மரம் ஈரம் உலராமலே பட்டறைக்கு வந்தால், அறுக்க அறுக்க உள்முறுக்கு அவிழ்ந்து தகட்டைக் கவ்வுவது சாதாரணம். இடித்த வீட்டின் பழைய நிலைச்சட்டத்தில் புதைந்து கிடக்கும் ஆணி வேறு.

இதற்குப் பரிகாரம் வியக்கத்தக்க அளவுக்கு எளியது. தகட்டுக்கு நேர் பின்னால், அதன் வளைவையே ஒட்டி, அறுத்த பிளவுக்குள் நுழைந்து நிற்கும்படி ஓர் உறுதியான மெல்லிய இரும்புத் தகடு. இரு பாதிகளும் நெருங்காமல் அது தடுக்கும். ரம்பத்தின் தலைக்கு மேல் ஒரு மூடி. கடைசி ஒரு சாண் பலகையைக் கையால் தள்ளாமல் தள்ளுவதற்கு ஒரு தள்ளுக்கட்டை. மீந்துபோன ரீப்பர் துண்டிலேயே அதைச் செய்துகொள்ளலாம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் மரவேலை யந்திரங்களுக்கென எழுதப்பட்ட விதிகள் இம்மூன்றையும் கட்டாயமாகக் கேட்டன. ஆனால் அந்தச் சட்டம் மின்சாரம் பயன்படும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் படியேறிற்று. அதன் இடத்துக்கென 2020-இல் இயற்றிய தொகுப்புச் சட்டமோ அந்த எண்ணை 20 ஆக்கிவிட்டது. தகப்பனும் மகனும் மட்டும் நிற்கும் கொட்டகைக்குள் எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தோடு இணைந்த அட்டவணை, கட்டைவிரல் முழுவதும் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம் போயிற்று என்றும், ஆள்காட்டி விரலுக்கு 14 சதவீதம் என்றும் கணக்கிட்டது. தன் வீட்டுக் கொட்டகையில் தானே முதலாளியாகவும் தொழிலாளியாகவும் நிற்பவர் அந்த 30 சதவீதத்தை யாரிடம் கேட்பார்?

விபத்து நடந்தால் "கவனமாக இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு நகர்வது நம் சம்பிரதாயமாகிவிட்டது. இந்தச் சொல்லை நான் ஏற்பதற்கில்லை. காலையிலிருந்து ஒரே அளவில் நூறு துண்டுகள் அறுத்தவருக்கு நூற்றோராவது துண்டின்போது மனம் சற்று அயர்வது இயற்கை. அயர்ந்த கணத்திலும் கையைக் காக்கும்படி யந்திரத்தை அமைப்பதுதான் அறிவு. தகட்டின் பல் பலகைக்கு மேல் விரல் கனத்துக்கும் குறைவாகவே தெரியும்படி உயரத்தைக் குறைப்பதும், பலகையை வெறுங்கையால் கோடு பார்த்து ஓட்டாமல் பட்டறைகளில் கைடு என்று சொல்லும் நேர்ச்சட்டத்தோடு ஒட்டித் தள்ளுவதும், தகட்டுக்கு நேர் எதிரே நிற்காமல் ஓரடி ஒதுங்கி நிற்பதும் இந்த அமைப்பைச் சேர்ந்தவையே.

மின்தடைக்குப் பழகிய நம் ஊரில் இன்னொரு விஷயம் மிக அவசியம். ரம்பம் ஓடும்போது மின்சாரம் நின்றுவிடுகிறது, சுவிட்சோ கம்பியால் கட்டப்பட்டிருக்கிறது, அறுப்பவர் தேநீர் குடிக்கப் போகிறார், அல்லது தகட்டில் சிக்கிய சிம்பைக் குனிந்து எடுக்கிறார், மின்சாரம் திரும்புகிறது. மின்சாரம் போனால் தானே விடுபட்டு, மறுபடி கையால் அழுத்தினாலன்றி ஓடாத சுவிட்ச் என்று ஒன்று உண்டு. வீட்டு ரம்பங்களில் அதைக் காண்பதே அரிதாக இருப்பது வேதனைக்குரியது. எதைச் செய்வதாயினும் பிளக்கைப் பிடுங்கிவிட்டே தகட்டைத் தொட வேண்டும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் உலவும் வீட்டில் விரதம் போலவே காக்க வேண்டும்.

உடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொங்கும் துண்டு, அவிழும் லுங்கி, பழனிக்குப் போய் வந்து மணிக்கட்டில் கட்டிய கயிறு, இவற்றில் எதைப் பல் பற்றினாலும் கையையும் சேர்த்தே இழுக்கும். கையுறை காக்கும் என்று எண்ணுவது பெரும் பிழை; சுழலும் தகட்டுக்கு முன்னால் அது ஆபத்தையே கூட்டும். கண்ணாடியும் மூக்குக் கவசமும் அவசியம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-லேயே வகைப்படுத்தியிருக்கிறது.

அமெரிக்காவில் ரம்ப மேஜையால் காயமுற்று ஆண்டுதோறும் சுமார் 30,000 பேர் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்குச் செல்கிறார்கள். அங்கே ஸ்டீவ் காஸ் என்பவர் 1999-இல் ஓர் உபாயம் கண்டார்: தகட்டில் மெல்லிய மின்குறிப்பு ஓடிக்கொண்டிருக்கும், மனித உடல் பட்டவுடன் அது மாறுவதை உணர்ந்து, ஓர் அலுமினியக் கட்டை தகட்டின் பற்களில் பாய்ந்து, ஏறக்குறைய ஒரு விநாடியின் இருநூற்றில் ஒரு பங்குக்குள் நிறுத்திவிடும். தகடு பாழாகும், விரலில் ஒரு கீறல் மிஞ்சும். அற்புதமான சாதனம். ஆயினும் அது நம் கொட்டகைகளுக்கு எட்டும் விலையில் வரும்வரை ஒரு துண்டு இரும்புத் தகட்டையும் ஒரு மூடியையும் ஒரு சுவிட்சையும் பொருத்தாமல் காத்திருக்க வேண்டியதில்லையே.

துர்ச்சம்பவம் நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியதையும் வீட்டார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வைப்பது முதல் காரியம். துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, நீர் புகாத பாலித்தீன் பையில் இட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைக்க வேண்டும். விரல் நேரே பனிக்கட்டியில் பட்டால் திசுக்கள் கெட்டுவிடும். மஞ்சள், காப்பித்தூள் எதுவும் காயத்தில் இடலாகாது. துண்டான விரலை நுண்ணறுவைச் சிகிச்சையால் ஒட்டவைக்கும் கலை 1965-இல் ஜப்பானில் ஒரு கட்டைவிரலில் முதன்முதல் வெற்றி கண்டது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையும் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையும் கை அறுவைச் சிகிச்சையில் பெயர் பெற்றவை. ஆனாலும் எல்லா விரலையும் ஒட்டவைக்க இயலாது. ஒட்டிய விரலும் பழையபடி மடங்குவது அபூர்வம்.

தமிழ்நாட்டு அரசு கலைஞர் கைவினைத் திட்டத்தின் கீழ்க் கைவினைஞர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் தருகிறது. கைத்தொழிலை மதிக்கும் நல்ல திட்டம் அது. அந்தப் பணத்தில் மரவேலைக்கு ரம்பம் வாங்குபவர் மூடியும் பின்தகடும் மின்தடையில் விடுபடும் சுவிட்சும் உள்ளதையே வாங்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையை விண்ணப்பத்தில் சேர்க்கட்டும். தனியே அவற்றை வாங்கிப் பொருத்த விரும்புவோருக்கும் அதே மானியம் செல்லட்டும். கட்டரை விற்கும் கடைக்காரர் அதன் மூடியைக் கழற்றாமல் பயன்படுத்தும் முறையைத் தமிழில் அச்சிட்ட ஒரு தாளோடு கொடுக்கட்டும். மாவட்டத் தொழில் மையத்தின் அலுவலர் கடன் சென்ற பட்டறையைப் பார்க்க வரும்போது, பின்தகடு நிற்கிறதா என்று பார்த்து, ரம்பம் ஓடும்போதே மெயினை ஒருமுறை அணைத்துப் போட்டு, யந்திரம் தானாக ஓடுகிறதா, கிடந்தபடியே கிடக்கிறதா என்று சோதித்துக் குறித்துக்கொள்ள இரண்டு நிமிஷம் போதும்.